அனுமதிக் கடிதம் கேட்டவர் ஆணவக்காரரா?



கடந்த மாதம் எங்கள் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவைக் கூட்டத்தில் நடந்த ஒன்று இன்னமும் என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அங்கேயே எழுந்து பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. வாய்மூடி அமர்ந்திருந்த குற்றத்திற்குக் கழுவாயாக இந்த இடுகையை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். பெற்றோருக்காக வாசிப்புப் பயிலரங்கு ஒன்றை நடத்தத் திட்டமிட்டோம். அரசாங்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பணியாற்றும் தமிழ் விரிவுரையாளர் ஒருவருக்கு அழைப்பு அனுப்பினோம். முந்நூறு ரிங்கிட் மதிப்பூதியம் தருவதாகவும் எழுதினோம். அதே மடலில் இன்னொரு வேண்டுகோளும் இருந்தது. எங்கள் செயலவை உறுப்பினர் ஒருவர் வெளியிடும் பயிற்சி நூல் வரிசையைப் பார்வையிட்டு, அது தரமானது என்று பல்கலைக்கழகப் பெயரோடு ஒரு சான்றுரை எழுதித் தர வேண்டும் என்பதே அந்த வேண்டுகோள். அந்த நூல்களைத்தான் அடுத்த ஆண்டு எங்கள் மாணவர்கள் வாங்கப் போகிறார்கள்.

மறுநாளே விரிவுரையாளரின் பதில் வந்தது. பயிலரங்கு நடத்தத் தமக்கு முழு விருப்பம் என்றும், மதிப்பூதியத் தொகையைக் குறிப்பிட்டுத் தம் புலத் தலைவருக்கு அதிகாரப்பூர்வ மடல் அனுப்பினால் அனுமதி பெற்று வருவதாகவும் எழுதியிருந்தார். சான்றுரை மட்டும் தம்மால் தர இயலாது என்று பணிவாக மறுத்திருந்தார்.

கூட்டத்தில் அந்தப் பதில் படிக்கப்பட்டபோது சிரிப்பொலி எழுந்தது. "தமிழுக்குச் சேவை செய்யவும் காகிதம் வேண்டுமாம்!" என்றார் ஒருவர். "நம் வரிப்பணத்தில் படித்தவர், நம் பிள்ளைகளுக்கு ஒரு நாள் ஒதுக்க மாட்டாரா?" என்றார் மற்றொருவர். "பதவி வந்ததும் ஆணவமும் வந்துவிட்டது" என்று முடித்து வைத்தார், அந்தப் பயிற்சி நூல்களை வெளியிடும் அதே உறுப்பினர்.

நண்பர்களே, ஆணவம் யாரிடம் இருந்தது? விதியைப் பின்பற்றியவரிடமா, விதி என்னவென்றே அறியாமல் அவரை ஏளனம் செய்த நம்மிடமா?

விதி என்ன சொல்கிறது?

நம் நாட்டில் அரசு ஊழியர்களைக் கட்டுப்படுத்துவது 1993ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் நடத்தை, ஒழுங்கு விதிகள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களாகிய நாமும் அதற்கு உட்பட்டவர்களே. அதன் 5ஆம் விதி வெளிப்பணி பற்றியது. பல்கலைக்கழக ஊழியர்களுக்கு 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட 605ஆம் எண் சட்டம் உண்டு. அரசு சார்பு அமைப்புகளுக்கான ஒழுங்குச் சட்டம் அது. வெளிப்பணியைப் பொறுத்தவரை இரண்டின் அடிப்படையும் ஒன்றே.

அலுவல் கடமையாக அமைந்தாலன்றி, ஊழியர் ஒருவர் முன்அனுமதி இல்லாமல் செய்யக்கூடாதவை நான்கு என 1993ஆம் ஆண்டு விதி வரையறுக்கிறது.

1. வாணிக, வேளாண்மை, தொழில் நிறுவனம் எதன் நிருவாகத்திலும் நடவடிக்கைகளிலும் நேரடியாகவோ மறைமுகமாகவோ பங்கெடுத்தல்.

2. எந்த நிறுவனத்திற்கும் தனியாருக்கும் ஊதியம் பெற்றுப் பணி செய்தல்.

3. நிபுணர் என்ற முறையில் அறிக்கை அளித்தல் அல்லது சாட்சியம் கூறுதல். ஊதியம் பெற்றாலும் சரி, பெறாவிட்டாலும் சரி.

4. உயிலை நிறைவேற்றுபவராகவோ பிறர் சொத்தை நிருவகிப்பவராகவோ பொறுப்பேற்றல்.

இவை முற்றாக மூடப்பட்ட கதவுகள் அல்ல என்பதையும் கவனியுங்கள். துறைத் தலைவரிடம் எழுத்துமூலம் முன்கூட்டியே அனுமதி கேட்கலாம். அனுமதி அளிப்பவர் மூன்று கேள்விகளை எழுப்ப வேண்டும். அந்தப் பணி அலுவல் நேரத்தில் நடக்கிறதா? அதனால் ஊழியரின் பயன்பாடு குன்றுமா? துறையின் நலனோடு அது மோதுமா, அவர் வகிக்கும் பதவிக்குப் பொருந்தாததாக இருக்குமா? மூன்றுக்கும் 'இல்லை' என்ற விடை வந்தால் தடை சொல்லக் காரணமில்லை.

ஊதியத்தைப் பற்றியும் விதி பேசுகிறது. வேறு ஏற்பாடு வகுக்கப்படாதவரை, அப்படி ஈட்டிய பணம் அரசாங்கத்திடம் வைப்பாகச் செலுத்தப்பட வேண்டும். அதில் எவ்வளவை ஊழியர் தமக்கென வைத்துக்கொள்ளலாம் என்பதைக் கருவூலம் முடிவு செய்யும்.

இப்போது எங்கள் மடலை மீண்டும் பாருங்கள். முந்நூறு ரிங்கிட் மதிப்பூதியம் என்றோம். அஃது ஊதியத்திற்குச் செய்யும் பணி, இரண்டாவது வகை. பல்கலைக்கழகப் பெயரோடு சான்றுரை என்றோம். என்னைக் கேட்டால் அது நிபுணர் அறிக்கை, மூன்றாவது வகை. இலவசமாகவே எழுதித் தந்தாலும் அனுமதி வேண்டும். ஒரே தாளில் இரண்டு விதிகளை மீறுமாறு அவரை அழைத்துவிட்டு, அவர் மறுத்ததும் ஆணவம் என்கிறோம்!

என் கதையையும் சொல்லிவிடுகிறேன்

விதியைப் பற்றி இவ்வளவு பேசுகிறானே, இவன் என்ன உத்தமனா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

2003, 2004ஆம் ஆண்டுகளில் நான் வார இறுதியில் ஒரு டியூஷன் நிலையத்தில் கற்பித்தேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. சக ஆசிரியர்கள் பலரும் கேட்காமலேயே செய்தார்கள். வீட்டுக் கடன் இருந்தது, பிள்ளை பிறந்திருந்தது, காரணங்களுக்குக் குறைவில்லை. அப்போது யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்தது. 2021ஆம் ஆண்டில் அது அகற்றப்பட்டுவிட்டது என்றாலும், அந்தத் தேர்வு பெற்றோரை எப்படி ஆட்டிப் படைத்தது என்பது நினைவிருக்கும். என் வகுப்பு மாணவர்களில் பாதிப்பேர் அந்த நிலையத்திற்கும் வந்தார்கள். நான் யாரையும் அழைக்கவில்லை. ஆனால், வராதே என்றும் சொல்லவில்லை.

ஒரு திங்கட்கிழமை ஆறாம் ஆண்டு வகுப்பில் கட்டுரைப் பாடம். கருத்துகளைத் தொகுக்கும் முறையை இரண்டே வரியில் சொல்லிவிட்டு எழுதச் சொன்னேன். பின்வரிசையில் ஒரு மாணவன் எழுந்தான். தாயார் தொழிற்சாலையில் இரவு வேலை செய்பவர். டியூஷனுக்கு அனுப்ப வசதி இல்லாத வீடு. "சார், இது எனக்குப் புரியல" என்றான். நான் வாய் திறப்பதற்குள் முன்வரிசையிலிருந்து ஒரு பையன் திரும்பி, "இது சனிக்கிழமையே சார் சொல்லிக் கொடுத்துட்டாரு" என்றான்.

அந்த மாணவன் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டான்.

சனிக்கிழமை ஒன்றரை மணி நேரம் விளக்கியதைத் திங்கட்கிழமை இரண்டு வரியில் முடித்திருக்கிறேன். வேண்டுமென்று செய்தேனா? சத்தியமாக இல்லை. ஏற்கெனவே விளக்கியாயிற்று என்ற களைப்பு, என்னையறியாமல் வகுப்பறைக்குள் வந்துவிட்டது. அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுப்பது அந்தத் திங்கட்கிழமைக்குத்தான். ஆனால், என் உழைப்பின் நல்ல பகுதியைப் பெற்றது சனிக்கிழமை. அந்தத் தாயின் வரியும் என் சம்பளத்தில் இருந்தது. அவருடைய மகனுக்குக் கிடைத்தது இரண்டு வரி.

'ஊழியரின் பயன்பாடு குன்றுமா?' என்று விதி கேட்கும் கேள்விக்கு என் விடை அன்று அந்த வகுப்பறையில் நின்றுகொண்டிருந்தது. அனுமதி கேட்டு விண்ணப்பித்திருந்தால் தலைமையாசிரியர் ஒரு கேள்வியாவது கேட்டிருப்பார்: உங்கள் வகுப்பு மாணவர்கள் அங்கே வருகிறார்களா? அந்த ஒரு கேள்வி போதும், நான் விழித்துக்கொள்ள. கேள்வி வரும் என்று உள்மனத்திற்குத் தெரிந்திருந்தது. அதனாலேயே அனுமதி கேட்கவில்லை. அந்த மாத இறுதியில் நிலையத்தை விட்டு விலகினேன்.

பல்கலைக்கழகத்தில் இது ஏன் இன்னும் பெரிய செய்தி?

ஆசிரியர் ஒருவர் தவறினால் ஒரு வகுப்பு பாதிக்கப்படும். பல்கலைக்கழக நிபுணர் ஒருவர் தவறினால் ஒரு நாடே தவறான மருந்தை விழுங்கலாம், தவறான கொள்கையை ஏற்கலாம். இது மிகையன்று.

2008ஆம் ஆண்டில் அமெரிக்க மேலவை உறுப்பினர் சார்லஸ் கிராஸ்லி, மருந்து நிறுவனங்களிடமிருந்து பேராசிரியர்கள் பெறும் பணத்தை விசாரித்தார். எமோரி பல்கலைக்கழகத்தின் உளநோய் மருத்துவத் துறைத் தலைவர் 2000 முதல் 2007 வரை அத்தகைய நிறுவனங்களிடம் 28 இலட்சம் டாலருக்கு மேல் பெற்றதாகவும், அதில் குறைந்தது 12 இலட்சத்தைப் பல்கலைக்கழகத்திடம் தெரிவிக்கவில்லை எனவும் அந்த விசாரணையில் வெளிவந்தது. அவ்வாண்டு இறுதியில் அவர் துறைத் தலைமையிலிருந்து விலகினார். பின்னர் 2011ஆம் ஆண்டில், அரசாங்க நிதியில் மருத்துவ ஆய்வு செய்பவர்கள் தெரிவிக்க வேண்டிய வெளி வருமான வரம்பை அமெரிக்க அரசாங்கம் 10,000 டாலரிலிருந்து 5,000 டாலருக்குக் குறைத்தது.

பொருளியலாளர்களுக்கும் இதே பாடம் கிடைத்தது. 2008 நிதி நெருக்கடியைப் பற்றி 2010இல் வெளிவந்த 'இன்சைட் ஜாப்' என்னும் ஆவணப்படம், நிதி நிறுவனங்களிடம் பணம் பெற்றுக்கொண்டே அவற்றைப் பற்றி எழுதிய பேராசிரியர்களை நேருக்கு நேர் கேள்வி கேட்டது. 2012ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பொருளியல் சங்கம், தன் ஆய்விதழ்களில் எழுதுபவர்கள் தம் பண உறவுகளை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்ற நெறியை ஏற்றது.

இங்கெல்லாம் வெளிப்பணியே குற்றம் என்று யாரும் சொல்லவில்லை. எம்.ஐ.டி. தன் பேராசிரியர்கள் வாரத்தில் ஏறத்தாழ ஒரு நாளை வெளி ஆலோசனைக்கு ஒதுக்க இடமளிக்கிறது. ஸ்டான்ஃபோர்டு, காலாண்டுப் பருவம் ஒன்றுக்குப் 13 நாள் என்று எண்ணிக்கையே வகுத்திருக்கிறது. பாலம் கட்டத் தெரிந்தவர் பாலம் கட்டுமிடத்திற்குப் போகத்தான் வேண்டும். போனால்தான் அவருடைய பாடமும் உயிர் பெறும். செய்யலாம், சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும், அளவோடு செய்ய வேண்டும். இவ்வளவுதான் விதியின் சாரம்.

எங்கள் பயிற்சி நூல் சான்றுரையும் அளவில் சிறியதே தவிர, தன்மையில் வேறன்று. 'பல்கலைக்கழக விரிவுரையாளர் பரிந்துரைத்தது' என்று அட்டையில் அச்சிட்டால் பெற்றோர் எதை நம்பி வாங்குகிறார்கள்? பல்கலைக்கழகத்தின் பெயரை நம்பித்தான். அந்தப் பெயர் விரிவுரையாளரின் சொந்தச் சொத்தன்று. அதை வாடகைக்கு விட அவருக்கு உரிமையில்லை. இலவசமாக இரவல் கொடுக்கவும் உரிமையில்லை.

'சேவை' என்ற சொல்லுக்குப் பின்னால்

அடுத்து, நம் சமுதாயத்தில் அடிக்கடி கேட்கும் அந்தச் 'சேவை'க்கு வருகிறேன். நாம் ஒரு விழா நடத்துகிறோம். பந்தல்காரருக்குப் பணம் கொடுக்கிறோம். ஒலிபெருக்கிக்குப் பணம் கொடுக்கிறோம். உணவுக்கும் நிழற்படக்காரருக்கும் கொடுக்கிறோம். அவர்களில் யாரிடமும் 'தமிழுக்காகச் சும்மா செய்' என்று கேட்பதில்லை. நான்கு நாள் உழைத்துக் கட்டுரை ஆயத்தம் செய்து வருகின்ற அறிஞரிடம் மட்டும் சேவை கேட்கிறோம். அவருக்கு ஒரு பொன்னாடை, ஒரு நினைவுச் சின்னம், கைதட்டல். சில இடங்களில் உறையில் கொஞ்சம் பணம், கணக்கில் எழுதப்படாமல்.

அந்த உறைதான் ஆபத்து! கணக்கில் வராத உறை கொடுத்தவருக்கும் நல்லதன்று, வாங்கியவருக்கும் நல்லதன்று. தொகையைக் குறிப்பிட்டு மடல் அனுப்புங்கள் என்று அந்த விரிவுரையாளர் கேட்டாரே, அவர் தம்மை மட்டுமா காத்துக்கொண்டார்? எங்கள் சங்கத்தின் கணக்கையும் அல்லவா காத்தார்! இலவசமாகச் செய்ய விரும்பும் அறிஞர்கள் தாராளமாகச் செய்யட்டும். அது அவர்களின் பெருந்தன்மை. ஆனால், பெருந்தன்மை கேட்டு வாங்கும் பொருளன்று. மிரட்டி வாங்கும் பொருள் அறவேயன்று.

எதிர்க்கேள்விக்கும் விடை சொல்ல வேண்டும்

"விதியெல்லாம் எளியவனுக்குத்தானே? பொறியியல் பேராசிரியர்கள் பெரிய பெரிய ஆலோசனைப் பணிகளை ஏற்கிறார்கள். ஒரு தமிழ் விரிவுரையாளர் தமிழ்ப்பள்ளிக்கு வர மட்டும் கடிதமா?" என்று மூத்த ஆசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டார். இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. தட்டிக்கழிக்க மாட்டேன்.

பொறியியல் பேராசிரியருக்கும் அனுமதி வேண்டும், அதில் வேறுபாடில்லை. ஆனால் அவருக்கு வழி போட்டுக் கொடுக்கப்பட்டிருக்கிறது. நம் அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் ஆலோசனைப் பணிகளுக்கென்றே தனிப் பிரிவுகளையும் நிறுவனங்களையும் அமைத்துக்கொண்டன. ஒப்பந்தம் அவற்றின் வழியாக வரும், பணம் அவற்றின் வழியாகப் பங்கிடப்படும். ஆலோசனைப் பணி பதவி உயர்வு மதிப்பீட்டிலும் இடம்பெறும். பெருந்தொகை கொண்டுவரும் பணிக்கு அகலச் சாலை. முந்நூறு ரிங்கிட் பயிலரங்கிற்கு ஒற்றையடிப் பாதை. இதுதான் குறை. இந்தக் குறையைப் பல்கலைக்கழக நிருவாகங்கள் களைய வேண்டும். ஐம்பது பெற்றோருக்குப் பிள்ளையோடு அமர்ந்து வாசிக்கக் கற்றுக்கொடுப்பதும் நிபுணத்துவம்தான். பணமாக அளக்க முடியவில்லை என்பதற்காக அது மதிப்பற்றதாகிவிடாது.

ஆனால், பாதை குறுகலாக இருக்கிறது என்பதற்காக வேலியைப் பிடுங்கி எறியலாமா? பாதையை அகலப்படுத்தக் கேளுங்கள். வேலி நமக்காகவும் நிற்கிறது. நாளை ஏதாவது ஒரு பதிப்பகம், ஏதாவது ஒரு விரிவுரையாளரைப் பிடித்து, தரமற்ற நூலுக்குச் சான்றுரை வாங்கி, நம் பிள்ளைகளின் புத்தகப்பையில் திணிக்கும்போது, தடுப்பதற்கு அந்த வேலி இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

வெறுமனே குறை சொல்லிவிட்டுப் போவதில் பயனில்லை. என் வேண்டுகோள்களை வரிசைப்படுத்துகிறேன்.

1. பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், பல்கலைக்கழக அறிஞரை அழைக்கும்போது முதல் மடலையே அவருடைய புலத் தலைவருக்கு முகவரியிட்டு எழுதட்டும். நாள், நேரம், தலைப்பு, தொகை ஆகிய நான்கும் அதில் இருக்கட்டும். கடைசி வாரத்தில் கைப்பேசியில் அழைத்து 'வந்துவிடுங்கள் ஐயா' என்று நெருக்காதீர்கள்.

2. பள்ளிக்கு நூல் விற்பவர், நூலைத் தேர்வு செய்யும் கூட்டத்தில் அமரக்கூடாது. விரிவுரையாளருக்கு விதி சொல்லும் அதே அறம் நம் செயலவைக்கும் பொருந்தும்.

3. ஆசிரியர்களே, டியூஷன் கற்பிப்பவர்கள் எழுத்துமூலம் அனுமதி பெறுங்கள். பெற்ற பிறகும் உங்கள் சொந்த வகுப்பு மாணவரிடம் பணம் வாங்கிக் கற்பிக்காதீர்கள்.

4. விரிவுரையாளர்களே, நூலுக்கு அணிந்துரையோ பரிந்துரையோ எழுதினால், பணம் பெற்றீர்களா இல்லையா என்பதை அதிலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

5. பல்கலைக்கழகங்கள், பள்ளிகளிலிருந்து வரும் விண்ணப்பங்களுக்கு இரண்டு வாரத்திற்குள் விடை தரட்டும். காலம் தாழ்த்திய அனுமதியும் ஒரு வகை மறுப்பே.

முடிவாக

அந்தக் கூட்டத்திற்குப் பிறகு நான் இரண்டு காரியங்கள் செய்தேன். தலைமையாசிரியரின் ஒப்புதலோடு புலத் தலைவருக்கு முறையான மடல் ஒன்றை எழுதி அனுப்பினேன்; சான்றுரை வேண்டுகோளை அதில் சேர்க்கவில்லை. அடுத்த செயலவைக் கூட்டத்தில் மேலே சொன்ன இரண்டாவது வேண்டுகோளைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போவதாகச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நட்பு முறியலாம். ஒருவர் என்னிடம் பேசுவதை இப்போதே நிறுத்திவிட்டார். என் டியூஷன் கதையை அந்தக் கூட்டத்தில் யாராவது கிளறக்கூடும் என்பதும் தெரியும். பிறர் கிளறுவதற்கு முன் நானே சொல்லிவிட்டேன்.

பின்வரிசையில் எழுந்து நின்ற அந்த மாணவனுக்கு இப்போது முப்பது வயதைத் தாண்டியிருக்கும். அவனும் ஒரு தந்தையாகியிருக்கலாம். அவனுடைய பிள்ளை ஏதாவது ஒரு தமிழ்ப்பள்ளியில் படிக்கலாம். அந்தப் பிள்ளை 'புரியவில்லை' என்று எழுந்து நிற்கும்போது, அதன் ஆசிரியரிடம் சொல்வதற்கு எதுவும் மிச்சமில்லாமல் போய்விடக்கூடாது. விதி கேட்பது அதைத்தான். நானும் அதைத்தான் கேட்கிறேன்.

சிந்திப்போம். சொல்லிவிட்டுச் செய்வோம்.

அன்புடன்,
உங்களில் ஒருவனான தமிழாசிரியன்